மரத்தைத் திருத்தலாகாதா?

காகிதத்திற்கு ஏற்றபடி மரத்தின் மரபணுவைத் திருத்தி வளர்க்கலாமா கூடாதா என்கின்ற விவகாரம் மேல்நாடுகளில் சுமார் முப்பது வருஷ காலமாக நடந்து வருகின்றது. ஒரு கூட்டத்தார், "இயற்கையில் கை வைக்காதே, அது மகா பாதகம்" என்று கூச்சல் போடுகின்றார்கள். இன்னொரு கூட்டத்தார், "விஞ்ஞானம் சொல்லியாய்விட்டது, இதில் வாய் திறக்க மற்றவர்களுக்கு என்ன யோக்கியதை?" என்று மிரட்டுகின்றார்கள். இவ்விரு கூட்டத்தாரும் பரம விரோதிகள் போலக் காணப்பட்டாலும், ஒரு விஷயத்தில் மாத்திரம் ஒன்றுபட்டவர்களே யாவார்கள். அது என்னவென்றால், பொது ஜனங்கள் தங்கள் சொந்தப் புத்தியைக் கொண்டு இதை விசாரிக்கக் கூடாது என்பதுதான். ஆகையினாலேயே நாம் இதை விசாரிக்க வேண்டுமென்று சொல்லுகின்றோம்.

"மரத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? நமக்கு வேறு வேலையில்லையா?" என்று சில தோழர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கின்றது. ஓலையிலும் எழுத்தாணியிலும் எழுத்து அடைபட்டுக் கிடந்த காலத்தில் படிப்பு எத்தனை பேருக்குக் கிடைத்தது? காகிதம் வந்த பிறகும் அது வெகுகாலம் கந்தல் துணியிலிருந்தே செய்யப்பட்டு வந்தது, கந்தலோ கிராக்கி. 1840-களில் ஜெர்மனியில் கெல்லர் என்கின்ற ஒரு நெசவுத் தொழிலாளி மரத்தை அரைத்துக் கூழாக்கிக் காகிதம் செய்யலாமென்று கண்டுபிடித்தார். அதற்குப் பிறகுதான் காகிதம் மலிந்தது. பத்திரிகையும் பாடப் புத்தகமும் ஏழையின் கைக்கு எட்டின. ஆனால் அந்த நெசவாளிக்கு என்ன கிடைத்தது? கையில் பணமில்லாத குறையால் அவர் தமது உரிமையை வோல்ட்டர் என்கின்ற ஆலைக்காரருக்கு விற்றுவிட நேர்ந்தது. மூளை ஒருவனுடையது, முதல் மற்றொருவனுடையது, லாபம் முதல் போட்டவனுடையது! இந்தச் சங்கதியைத் தோழர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு அவசியம் வரும்.

இப்போது மரத்துக்குள் என்ன இருக்கின்றது என்று பார்ப்போம். காகிதத்துக்கு வேண்டியது செல்லுலோஸ் என்கின்ற நார். அது மரத்தில் ஏறக்குறைய பாதிதான். நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை லிக்னின் என்கின்ற ஒரு கெட்டிப் பொருள் இருக்கின்றது. சுவரில் செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சுண்ணாம்புச் சாந்து எப்படியோ, அப்படி நாருக்கும் நாருக்கும் நடுவே இந்த லிக்னின் இறுகிக் கிடக்கின்றது. மரம் காற்றுக்கு முறியாமல் நிற்பதற்கும், வேரிலிருந்து உச்சிக்குத் தண்ணீர் ஏறுவதற்கும் இதுவே ஆதாரம். ஆனால் காகிதத்தில் இது தங்கிவிட்டால் வெயில் பட்டதும் மஞ்சளாகிப் பழுத்துப் போகும். பழைய செய்தித்தாளை எடுத்துப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சாந்தைக் கரைத்து நாரைப் பிரிப்பதுதான் ஆலையின் பெரிய வேலை. 1879-ல் டால் என்கின்ற ரசாயன நிபுணர் கண்ட முறைப்படி, மரச் சில்லுகளைக் காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த காரத் தண்ணீரில் போட்டு, ஏறக்குறைய 170 டிகிரி சூட்டில், அழுத்தத்தில் வேக வைக்கின்றார்கள். உலகத்தில் இரசாயனக் கூழில் பெரும்பகுதி இன்றும் இப்படித்தான் ஆகின்றது. உள்ளே போட்ட மரத்தில் சுமார் பாதிதான் கூழாக வெளிவரும். மற்றப் பாதி கறுப்புத் தண்ணீராகி, அதைச் சுண்டக் காய்ச்சி அடுப்பெரிக்கின்றார்கள். அதற்கு மேலும் கூழில் ஒட்டிக் கொண்டிருக்கும் லிக்னினைப் போக்கி வெளுப்பாக்க மறுபடியும் ரசாயனம். வெகுகாலம் வரை குளோரினைக் கொண்டே வெளுத்தார்கள். அப்படி வெளுத்த ஆலைகளின் கழிவு நீரில் டையாக்சின் என்கின்ற கொடிய நஞ்சு இருக்கின்றதென்பது 1980-களில் வெளிப்பட்டது. அதற்குப் பிறகே பல தேசங்கள் குளோரின் வாயுவை விட்டு வேறு முறைக்கு மாறின. அதுவரை அந்த ஆற்றுத் தண்ணீரைப் புழங்கியவர்களும், அந்த ஆற்று மீனைத் தின்றவர்களும் யார்? ஆலை முதலாளியின் குடும்பத்தாரா? ஆற்றங்கரையில் குடியிருந்த ஏழைகளும், மீன் பிடித்துப் பிழைத்தவர்களுமே யல்லவா?

ஆகவே, கரைப்பதற்கு இவ்வளவு பாடுபட வேண்டிய லிக்னினை மரம் வளரும்போதே எளிதில் கரையக் கூடியதாக ஆக்கிவிட்டால் என்ன என்று ஆராய்ச்சிக்காரர்கள் யோசித்தார்கள். மரம் லிக்னினைக் கட்டுவதற்குப் படிப்படியாகப் பல என்ஸைம்கள் வேலை செய்கின்றன. ஒவ்வொரு என்ஸைமுக்கும் ஒரு மரபணு உண்டு. பாப்லர் மரத்தில் இந்த மரபணுக்களில் ஒன்றன் வேலையைக் குறைத்து, அம்மரங்களை 1995-ல் தொடங்கிப் பிரான்சிலும் இங்கிலாந்திலும் வெளி நிலத்தில் நட்டு வளர்த்தார்கள். நான்கு வருஷ வளர்ச்சிக்குப் பின் கிடைத்த முடிவுகள் 2002-ல் வெளியாயின. சி.ஏ.டி. என்கின்ற என்ஸைம் குறைக்கப்பட்ட மரங்களிலிருந்து, குறைந்த ரசாயனத்தைக் கொண்டு அதிகக் கூழ் எடுக்க முடிந்தது. மரத்தின் வளர்ச்சியிலோ, அதை அண்டிய பூச்சிகளிலோ, மண்ணிலோ கெடுதலான மாறுதல் காணப்படவில்லை. அதே பரீட்சையில் வேறொரு என்ஸைம் குறைக்கப்பட்ட மரங்கள் கூழுக்கு அவ்வளவு அனுகூலமாக இல்லை என்பதையும் அவர்களே எழுதி வைத்தார்கள். பலித்ததைச் சொன்னார்கள், பலிக்காததையும் சொன்னார்கள். இதற்குத்தான் பரீட்சை என்று பெயர்.

இதற்கு எதிராக இயற்கை பக்தர்கள் சொல்லும் ஆட்சேபணை என்ன? "மரபணுவை மாற்றுவது இயற்கைக்கு விரோதம். இது கடவுள் செய்ய வேண்டிய வேலை, மனிதன் செய்யலாகாது" என்பதே. இதில் ஏதாவது அர்த்தம் இருக்கின்றதா என்று பார்ப்போம்.

அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் விளையும் லாப்லாலி பைன் என்கின்ற மரத்தில், இதே சி.ஏ.டி. என்ஸைம் அனேகமாக இல்லாமலே போன ஒரு வகை இருப்பதாக 1997-ல் ஆராய்ச்சிக்காரர்கள் எழுதினார்கள். எந்த விஞ்ஞானியும் அதைத் தொடவில்லை. மரத்தின் மரபணுவில் தானாகவே நேர்ந்த மாறுதல் அது. மனிதன் பாப்லரில் செய்ததை இயற்கை பைனில் முன்பே செய்திருக்கின்றது! அப்படியானால் இயற்கை இயற்கைக்கு விரோதமாக நடந்து கொண்டதா? இந்தப் பாதகத்துக்கு அதை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது?

இன்னுமொரு சங்கதி. மண்ணிலுள்ள அக்ரோபாக்டீரியம் என்கின்ற நுண்கிருமி தன் மரபணுவைச் செடிக்குள் புகுத்தும் சக்தி வாய்ந்தது. விஞ்ஞானிகள் பாப்லருக்குள் மரபணுவைச் செலுத்துவதும் பெரும்பாலும் இந்தக் கிருமியைக் கொண்டேதான். நாம் அவித்துத் தின்கின்ற சர்க்கரைவள்ளிக் கிழங்கிலே இந்தக் கிருமி இனத்தின் மரபணுக்கள் இருக்கின்றன என்று 2015-ல் வெளியான ஆராய்ச்சியில் கண்டார்கள். யாரும் ஆராய்ச்சிச் சாலையில் புகுத்தியதல்ல. எந்தக் காலத்திலோ கிருமியே புகுத்தியது. "அன்னிய மரபணு உடலுக்குள் போகலாமா?" என்று பிரசங்கம் செய்கின்ற கனவான்களில் எத்தனை பேர் சாயங்காலம் சர்க்கரைவள்ளியைத் தின்றுவிட்டு வந்து மேடை ஏறினார்களோ!

இயற்கை செய்த காரணத்தால் இது நல்லது என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நாமும் அதே மூடநம்பிக்கையில் விழுந்தவர்களாவோம். பாம்பின் விஷமும் இயற்கை, காலராக் கிருமியும் இயற்கை. நாம் சொல்லுவதெல்லாம், "இயற்கை" என்கின்ற ஒரு வார்த்தை எந்தக் கேள்விக்கும் பதிலாகாது என்பதுதான். மரத்தினால் மண்ணுக்கு, தண்ணீருக்கு, மனிதனுக்கு நன்மையா தீமையா என்று அளந்து பார்த்துச் சொல்ல வேண்டுமே தவிர, ஒரு வார்த்தையைச் சாமியாக்கி அதற்குக் கற்பூரம் காட்டிக் கொண்டிருப்பதால் பிரயோஜனமில்லை.

அளந்து பார்க்கவும் விடாமல் இவர்களில் சிலர் செய்த காரியங்களைக் கேளுங்கள். 1999-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் இங்கிலாந்தில் பெர்க்ஷையரிலிருந்த பாப்லர் பரீட்சை மரங்களைச் சிலர் புகுந்து நாசமாக்கினார்கள். இந்த மரத்தினால் சுற்றுப்புறத்துக்குக் கெடுதி உண்டா என்று பார்ப்பதும் அந்தப் பரீட்சையின் நோக்கங்களில் ஒன்று. "கெடுதி வரும், கெடுதி வரும்" என்று கத்தியவர்களே, கெடுதி வருமா என்று காட்டக் கூடிய சாட்சியை வெட்டிச் சாய்த்தார்கள். வழக்கில் ஜெயிக்கும் நம்பிக்கையுள்ளவன் சாட்சியைக் கொல்வானா என்று கேட்கின்றோம்.

2001-ஆம் வருஷம் மே மாதம் 21-ந் தேதி அமெரிக்காவில் வாஷிங்டன் சர்வகலாசாலையின் தோட்டக்கலை ஆராய்ச்சிச் சாலைக்குத் தீ வைத்தார்கள். அங்கே ஒரு நிபுணர் மரபணு மாற்றிய பாப்லர் செய்கின்றார் என்பது அவர்கள் சொன்ன காரணம். அவரோ இரண்டு இன மரங்களை மகரந்தம் சேர்த்துக் கலப்பினம் செய்து ஆராய்ந்து வந்தவர். தீயில் அழிந்தது அவர் அறை மாத்திரமல்ல. அருகிப் போய்க் கொண்டிருந்த ஓர் அரிய செடியைக் காப்பாற்ற வேண்டி வளர்த்து வந்த நாற்றுகளும் கரிந்தன. அதே தினத்தில் ஓரிகன் மாகாணத்தில் ஒரு பாப்லர் பண்ணைக்கும் தீ வைக்கப்பட்டது. அங்கே இருந்தவையும் சாதாரணக் கலப்பின மரங்களே. எதை எரிக்கின்றோம் என்பது கூடத் தெரியாமல் எரித்த இந்தப் புண்ணியவான்களுக்கு, கிரகணத்தன்று பாம்பு சூரியனை விழுங்குகின்றது என்று பானையைத் தட்டுகின்றவனைவிட எந்த விதத்தில் அறிவு அதிகம்? பானையைத் தட்டுகின்றவனாவது பிறர் வீட்டைக் கொளுத்துவதில்லை.

நிற்க. எதிர்க்கின்றவர்கள் எல்லோரும் இப்படிப்பட்டவர்கள் என்று நாம் சொல்லிவிட மாட்டோம். 2015-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் பிரேசில் தேசத்தில் சாவோ பாலோ மாகாணத்தில், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் இயக்கத்தைச் சேர்ந்த பெண்கள் ஏராளமாகத் திரண்டு சென்று, பியூச்சராஜீன் கம்பெனியின் நாற்றுப் பண்ணையில் மரபணு மாற்றிய தைலமரக் கன்றுகளை அழித்தார்கள். கன்றை அழித்ததை நாம் சரியென்று சொல்லவில்லை. ஆனால் அப்பெண்கள் கேட்ட கேள்வி இயற்கை பக்தர்களின் கேள்வியல்ல. "ஊர் ஊராக நிலத்தை வளைத்துத் தைலமரமே நட்டுவிட்டால் நாங்கள் எங்கே பயிரிடுவது? எங்கள் கிணற்றுத் தண்ணீர் என்னாவது?" என்பது அவர்கள் கேள்வி. இது மரபணுவைப் பற்றிய கேள்வியல்ல, நிலத்தைப் பற்றிய கேள்வி. மரபணு மாற்றாத தைலமரத்தை ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டாலும் இதே கேள்வி நிற்கும். பசிக்கின்றவன் கேட்கும் கேள்விக்கு "நீ விஞ்ஞானத்துக்கு விரோதி" என்று பதில் சொல்லுவது அயோக்கியத்தனமாகும்.

இனி அந்தக் கம்பெனிக்காரரின் யோக்கியதையைப் பார்ப்போம். பியூச்சராஜீனின் எஜமானர் சுசானோ என்கின்ற பெரிய காகிதக் கம்பெனியார். கடுகு ஜாதியைச் சேர்ந்த ஒரு சிறு செடியின் மரபணுவைத் தைலமரத்தில் சேர்த்து, நூற்றுக்கு 20 பங்கு அதிகமாக மரம் கிடைக்கும், ஏழு வருஷத்தில் வெட்டுவதை ஐந்தரை வருஷத்தில் வெட்டலாம் என்றார்கள். 2015 ஏப்ரலில் பிரேசில் சர்க்கார் கமிட்டி அதற்கு அனுமதி கொடுத்தது. அடுத்து 2021-ல், கிளைபோசேட் என்கின்ற களைக்கொல்லியைத் தெளித்தாலும் சாகாத தைலமரத்துக்கு அனுமதி கொடுத்தது.

தோழர்களே, இதை நன்றாகக் கவனியுங்கள். குறைந்த ரசாயனத்தில் வேகும் மரம், ஆற்றில் போகும் நஞ்சைக் குறைக்கக் கூடிய மரம், ஏழைக்கு அனுகூலமான மரம் இருக்கின்றதே, அதன் பரீட்சை முடிவு 2002-லேயே வந்தாய்விட்டது. இருபது வருஷத்துக்கு மேலாகியும் அம்மரம் ஆலை வாசலில் வண்டி வண்டியாக வந்து இறங்கவில்லை. அந்தக் கம்பெனி முதலில் அனுமதி வாங்கியவை எவை? சீக்கிரம் வெட்டிச் சீக்கிரம் பணமாக்கும் மரமும், களை பிடுங்கும் கூலியாளின் கூலியை மிச்சப்படுத்திக் களைக்கொல்லியைக் கொட்டச் செய்யும் மரமுந்தான். இது விஞ்ஞானத்தின் குற்றமா? அறிவு இரண்டுக்கும் வழி காட்டிற்று. எந்த வழியில் போவது என்று தீர்மானித்தது முதல் போட்டவனுடைய லாபம். கெல்லருக்கு நேர்ந்த கதி இன்று ஊருக்கே நேருகின்றது.

இதில் இயற்கை பக்தர்களுக்கும் பங்குண்டு. பொதுப் பணத்தில், ஒளிவு மறைவின்றிப் பரீட்சை நடத்திய சர்வகலாசாலைகளை அவர்கள் கொளுத்தினார்கள்; மிரட்டினார்கள். பெல்ஜியம் தேசத்தில் லிக்னின் மாற்றிய பாப்லரை நடுவதற்குப் பொது ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் கேட்ட அனுமதியை, நிபுணர் சபை ஆட்சேபிக்காமலிருந்தும், 2008-ல் மந்திரிகள் மறுத்தார்கள். 2009-லேதான் அனுமதி கிடைத்தது. காட்டுப் பொருள்களுக்கு நற்சாட்சி முத்திரை கொடுக்கின்ற எப்.எஸ்.சி. என்கின்ற சர்வதேச சபையாரோ, மரபணு மாற்றிய மரம் எதுவானாலும் அதற்கு முத்திரை இல்லை என்கின்றார்கள். மரம் என்ன செய்கின்றது என்று பார்ப்பதில்லை. எப்படிப் பிறந்தது என்று மாத்திரம் பார்க்கின்றார்கள். பிறப்பைக் கொண்டு யோக்கியதை தீர்மானிக்கும் இந்தப் புத்தி எங்கிருந்து வந்ததென்று நம் தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. இப்படி வழியை அடைத்தால் பெரும் பணமும் பொறுமையுமுள்ள கம்பெனிதான் கடைசிவரை நிற்கும். பொதுச் சொத்தாக வந்திருக்க வேண்டிய அறிவு தனிச் சொத்தாகவே வந்து சேரும்.

அப்படியானால் பரீட்சைக்காரர்கள் சொல்லுவதை யெல்லாம் நம்பிவிட வேண்டுமா? கூடாது. பெல்ஜியத்தில் நட்ட அதே மரங்களில் லிக்னின் மிகவும் குறைந்தவை வளர்ச்சியில் பின்தங்கிவிட்டன. சாந்தை அதிகமாகக் குறைத்தால் சுவர் பலவீனப்படுவது ஆச்சரியமல்லவே! 2023-ல் அமெரிக்காவில் வட கரோலினா மாகாண சர்வகலாசாலையார், கிரிஸ்பர் என்கின்ற புது முறையில் பாப்லரின் பல மரபணுக்களை ஒரே சமயத்தில் திருத்தினார்கள். சில வகைகளில் லிக்னின் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததென்று எழுதினார்கள். நல்ல காரியந்தான். ஆனால் அவை கண்ணாடிக் கூடத்தில் ஆறு மாதம் வளர்ந்த கன்றுகள். ஆறு மாதக் கன்று ஆறு வருஷ மரமாகாது. காற்றும் மழையும் வறட்சியும் பூச்சியும் பட்டு நின்ற பிறகே அதன் உண்மை தெரியும். மரம் நெல்லைப் போல் நான்கு மாதத்தில் அறுவடையாகின்ற பயிரல்ல. வருஷக் கணக்கில் நிற்கும், பூக்கும், அதன் மகரந்தம் வெகுதூரம் போகும். ஆகையால் பரீட்சை நீண்டதாக இருக்க வேண்டும். தீர விசாரிக்கும் வரை பூக்குமுன் வெட்டிவிட வேண்டும் என்று கேட்பது நியாயமே. பயம் மூடத்தனமல்ல, பயத்தை அளந்து பார்க்க மறுப்பதுதான் மூடத்தனம்.

நம் நாட்டிலும் சவுக்கும் தைலமரமும் காகித ஆலைக்கென்று நட்டு வளர்க்கின்ற விவசாயிகள் அனேகர் இருக்கின்றார்கள். மேல்நாட்டு விவகாரம் நாளைக்கு நம் வரப்பு வரை வராதென்று யாரும் நிச்சயம் சொல்ல முடியாது. அப்போது ஒருவன் வந்து "இது பாவ மரம், கொளுத்து" என்பான். இன்னொருவன் வந்து "இது அதிசய மரம், கையெழுத்துப் போடு" என்பான். இருவரையும் உட்கார வைத்துக் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு.

இந்த மரத்தில் மாற்றியது எந்தக் குணம்? அந்தக் குணத்தால் லாபம் யாருக்கு? ஆற்றுத் தண்ணீருக்கா, ஆலைக் கணக்குப் புத்தகத்துக்கா? எத்தனை வருஷம், எந்த மண்ணில் பரீட்சை செய்தார்கள்? பலிக்காத கணக்கையும் காட்டுவார்களா? கன்றின் உரிமை யாருடையது? விவசாயி தானே கிளை வெட்டிப் பதியம் போட்டுக் கொள்ளலாமா, அல்லது ஒவ்வொரு கன்றுக்கும் கம்பெனிக்குக் கப்பம் கட்ட வேண்டுமா? நெல் விளைகின்ற நிலத்தில் நடச் சொல்லுகின்றார்களா? இக்கேள்விகளுக்குத் தக்க பதில் சொல்லுகின்றவன் எந்த நாட்டானாயினும் அவன் மரத்தை நடலாம். சொல்ல மறுக்கின்றவன் அது தெய்வம் கொடுத்த மரமென்றாலும் நடக் கூடாது.

முடிவாக நாம் சொல்லுவது இதுதான். மனிதன் மரத்தைத் திருத்துவது பாவமல்ல. காட்டுப் புல்லை நெல்லாகவும், காட்டு மாங்காயை ஒட்டு மாம்பழமாகவும் ஆக்கியவன் மனிதன். அந்தத் திருத்தத்தின் பலனை ஒருவன் மாத்திரம் அனுபவித்து, அதன் கஷ்டத்தை ஊரார் சுமப்பதுதான் பாவம். ஆகவே, பரீட்சை பகிரங்கமாக நடக்கட்டும். அதன் கணக்கு எல்லோரும் படிக்கும்படி வெளிவரட்டும். அந்த அறிவு பொதுச் சொத்தாகட்டும். இவற்றுக்குச் சம்மதிக்காதவன் இயற்கையின் பேரால் வந்தாலும் சரி, விஞ்ஞானத்தின் பேரால் வந்தாலும் சரி, அவனை ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கப் பொது ஜனங்கள் பழகிக் கொள்ள வேண்டும்.